மேட்டுத்தெருவுக்கு நாலு சுற்று

நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. போன மாதம் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் பொறியாளர் அம்மா பேசினார். இனிமேல் குடிநீர் வால்வுகளைக் கையால் திருக வேண்டியதில்லையாம். ஆபீஸில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டினால் வால்வு தானாகத் திறந்துகொள்ளுமாம். அதற்கு முன்னால் எந்த வால்வு எங்கே புதைந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டுமே, அது உங்களுக்குத்தான் தெரியும் என்கிறார்கள், ஒரு படம் வரைந்து தருவீர்களா என்று கேட்டார்.

மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். வால்வை மட்டும் வரைந்தால் போதாது என்று பட்டது. அது யார் வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிறது, எந்தக் கல்யாணத்தின்போது கெட்டுப்போனது, அதன் மூடியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக்கல்லுக்கு முட்டுக் கொடுத்தது யார் என்றெல்லாம் ஓரத்தில் எழுதினேன். அந்த அம்மா பார்த்தார். "சார், படம் மட்டும் போதும் சார். கதையெல்லாம் சாஃப்ட்வேர் எடுத்துக்காது" என்றார். சரி, சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளாததை நீங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் இன்னும் சர்வீஸில் இருப்பவர்களுக்குத் தர்மசங்கடம். எனக்கும்தான்.

நான் அங்கே இருபத்தெட்டு வருஷம் தண்ணீர் விட்டேன். காகிதத்தில் என் பதவிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. ஊரில் எனக்குப் பெயர் 'தண்ணி விடுற தங்கராசு'. பயிற்சி என்று கேட்டால், முதல் ஆறு மாதம் எனக்கு முன்னால் இருந்தவரின் பின்னால் சாவியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. இடுப்பளவு உயர இரும்புக் கம்பி. மேலே பிடிப்பதற்குக் குறுக்குக் கைப்பிடி, கீழே வால்வின் தலையைக் கவ்வும் சதுரக் குழி. ஆறு மாதம் முடிந்ததும் அவர் சாவியை என்னிடம் கொடுத்து, "எல்லாருக்கும் தண்ணி குடு, யாருக்கும் நேரம் சொல்லாத" என்றார். அதோடு ரிட்டயர் ஆகிப் போய்விட்டார்.

என் பொறுப்பில் இருந்தது பத்தாம் லைன். டேங்க் அடியிலிருந்து கிளம்பும் ஒரே பைப்பில் நாலு தெரு. அந்த நாலு தெருவில் இல்லாத ஜாதி ஜனம் கிடையாது. ஆனால் எனக்கு அவர்களை வேறு மாதிரிதான் தெரியும். தண்ணீர் வராவிட்டால் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் மனிதர்களைப் பிரித்து வைத்திருந்தேன்.

முதலில் கடைவீதி. கீரமங்கலத்திலிருந்து வந்து பூ மண்டி போட்டவர்கள், அடகுக்கடை சேட்டு, இரண்டு ஓட்டல். தண்ணீர் பத்து நிமிஷம் தாமதமானால் இவர்கள் எனக்குப் போன் செய்ய மாட்டார்கள். நேரே கவுன்சிலருக்குத்தான். கவுன்சிலர் எனக்குப் போன் செய்வார். அடுத்தது பள்ளிவாசல் தெரு. அது பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார். தரைக்கு டைல்ஸ், டைல்ஸுக்கு அடியில் பெரிய தொட்டி, தொட்டிக்கு ஒரு மோட்டார். அங்கே தண்ணீர் குறைந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீயும் சமோசாவும் தருவார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்தச் சமோசா தொண்டையில் இறங்காது. மூன்றாவது சர்ச் சந்து. பாதி வீடு ரிட்டயர்டு டீச்சர்கள். அவர்கள் மனு எழுதுவார்கள். கலெக்டருக்கு நகல், முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு நகல், கடைசியில் ஒன்று எனக்கும் நகல், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. ரோஸ்லின் டீச்சர் ஒருமுறை நான் எழுதிக் கொடுத்த பதிலைத் திருத்தி, ஐந்து பிழை என்று மேலே போட்டுத் திருப்பி அனுப்பினார்.

கடைசி மேட்டுத்தெரு. இருபத்திரண்டு வீடு. வாடகை குறைவு என்பதால் எல்லா ஊர் ஆட்களும் அங்கே ஒண்டியிருந்தார்கள். டெய்லர், சலூன்காரர், பிரியாணி மாஸ்டர், ஆட்டோ ஓட்டுபவர்கள், டைல்ஸ் வேலைக்கு வந்த பீகார்ப் பையன்கள். வாடகை ஏன் குறைவு? தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் மேட்டுத்தெருப் பெண்கள் போன் செய்ய மாட்டார்கள், மனு எழுத மாட்டார்கள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நிற்பார்கள். இந்த நாலில் எது பயங்கரம் என்று கேட்டால் நான் கடைசியைத்தான் சொல்வேன்.

அவர்களுக்கு நான் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று. "மேடுக்கா. தண்ணி ஏறாதுக்கா. நான் என்ன செய்ய?"

முன்னாடி வந்துக்கிட்டு இருந்துச்சே என்று யாராவது கேட்டால், "ரோடு போட்டாங்கள்ல? ஒவ்வொரு தடவையும் தாரு மேல தாரு ஊத்தி ரோடு ஒசந்துருச்சுக்கா" என்பேன். கையை வைத்து உயரமும் காட்டுவேன். முதலில் அரையடி காட்டினேன். சொல்லிச் சொல்லி அது ஒன்றரை அடி ஆகிவிட்டது. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளே தாங்கள் ஏதோ மலைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தன.

அந்தத் தெருவில் முருகேசன் என்று ஒரு டெய்லர். பேண்ட் தைத்தால் கோடு பிசகாது. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பீடி, குடி எதுவும் இல்லை. குறை தண்ணீர்தான். பெண் வீட்டார் வருவார்கள், சட்டையைப் பார்ப்பார்கள், மிஷினைப் பார்ப்பார்கள், கடைசியில் வாசலில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களைப் பார்ப்பார்கள். "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஏழு இடம் இப்படிப் போய்விட்டது. அவன் அம்மா பாக்கியம் அக்கா எட்டாவது இடத்தை நிச்சயம் விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, திருவரங்குளத்துப் பக்கம் ஒரு எடம். ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வீடு பாக்க வாராங்க. எல்லாம் சரிப்பட்டு வந்தா நம்ம வீட்டுல கை நனைச்சிட்டுப் போவாங்க. அந்த ஒரு மணி நேரம் மட்டும் எம் வீட்டுக் கொழாயில தண்ணி வரணும்."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். இங்கே நனைக்கத் தண்ணீர்தான் இல்லை.

எங்கள் லைனுக்குத் தண்ணீர் நாள் திங்களும் வியாழனும். ஞாயிற்றுக்கிழமை டேங்கைத் தொடவே கூடாது. தொட்டாலும் மேட்டுத்தெருவுக்கு ஏற வேண்டுமானால் மற்ற மூன்று தெருவையும் மூட வேண்டும், மூடினாலும் கசிகிற பழைய வால்வு வழியாக மோட்டார்காரர்கள் உறிஞ்சாமல் இருக்க வேண்டும். முடியாதுக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாக்கியம் அக்கா குடம் இல்லாமலேயே அதே பார்வையைப் பார்த்தார். சரிக்கா என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிவாசல் தெருவில் யூசுப் ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கல்யாணக் காரியம்னு சொல்லுற. அதுக்கு மேல என்னப்பா? பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு மோட்டார் ஓடாது. ஓடுனா ஃப்யூஸ நானே புடுங்குறேன்" என்றார். பூ மண்டிக்காரர் தண்ணீரோடு நாலு முழம் மல்லிகையும் தருவதாகச் சொன்னார். ரோஸ்லின் டீச்சர்தான் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கராசு, இது பொய் இல்லையா?" என்றார்.

"தண்ணி வர்றது நெசந்தானே டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "நான் எழுத்துப்பூர்வமா எதுவும் தர மாட்டேன்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று தெருவையும் மூடிவிட்டு, டேங்க் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, சைக்கிளில் மேட்டுத்தெருவுக்குப் பறந்தேன். பெண்ணின் அப்பா சின்னையா வந்து இறங்கியிருந்தார். சொந்த போர்வெல் வைத்திருக்கும் விவசாயி. கரும்பும் நெல்லுமாகப் பார்த்தவர். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நேரே வாசல் குழாயடிக்குப் போனார். தண்ணீரின் வேகத்தைக் கட்டை விரலை வைத்து அடைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று அவர் ஊரில் அவருக்குப் பெயராம்.

குழாயைத் திருகினார். வருஷக்கணக்கில் காற்றை மட்டுமே விட்டுக்கொண்டிருந்த குழாய் அது. உள்ளே இருந்த மரை எல்லாம் துருப்பிடித்து எப்போதோ செத்துவிட்டது. திருகின கையோடு குழாய்த் தலை பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தண்ணீர் பீறிட்டு அவர் நெஞ்சில் அடித்தது. வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் கிடந்த துண்டு எல்லாம் தொப்பலாகிவிட்டது. முருகேசன் முகத்தில் ரத்தம் இல்லை. எட்டாவதும் போச்சு என்று நானே நினைத்தேன்.

சின்னையா பிடுங்கின குழாய்த் தலையைக் கையில் வைத்துக்கொண்டு, மீசையிலிருந்து சொட்டச் சொட்டத் திரும்பினார்.

"யாத்தே! என்னா ஃபோர்ஸு! எங்க பம்புசெட்டுலகூட இம்புட்டு இல்லப்பா. எலையப் போடுங்க!"

முருகேசன் உள்ளே ஓடிப்போய் மரக்கட்டையைத் துணியில் சுற்றி அந்த ஓட்டையை அடைத்தான். அவர்கள் கை நனைத்தார்கள். ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. நானும் போய் வயிறாரச் சாப்பிட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

பெருமை ஐந்து நாள் நின்றது. ஆறாம் நாள் டேங்க் அடியில் மோட்டார் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் கயிறு பளபளக்க ஒரு பெண் இரண்டு குடத்தோடு வந்து நின்றது.

"தண்ணி விடுறவரு நீங்கதானே மாமா?"

"ஆமாத்தா. நீ யாரு?"

"டெய்லர் வீட்டுக்கு வந்த பொண்ணு. வளர்மதி. அன்னைக்கு எங்கப்பாரு மேல தண்ணி அடிச்சு விட்டது நீங்கதானாமே?"

யார் சொன்னது என்று கேட்டேன். புருஷன் முதல் நாளே சொல்லிவிட்டாராம். முருகேசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்குத்தான் நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். வளர்மதி சண்டை போடவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"எங்க அத்தை காலையில எட்டு நட இங்கிட்டு வந்து தூக்கிக்கிட்டுப் போகுது மாமா. இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. நான் தூக்குறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. எங்கப்பாருதான் விசயத்தக் கேள்விப்பட்டுக் குதிச்சுக்கிட்டு இருக்காரு. ஆடிக்கு என்னைய அழைச்சிட்டுப் போக வாராரு. போனா, தண்ணி வந்தாத்தான் ஆவணியில திருப்பி அனுப்புவேன்னு சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்."

"நீ என்னத்தா சொல்லுற?"

"எனக்கு அவரப் புடிச்சிருக்கு மாமா" என்றது, தலையைக் குனியாமல்.

புதுப் பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அழைத்துப்போனவர்கள் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றால் அந்தக் கல்யாணம் என்ன ஆவது? ஆடி பிறந்த அன்றே சின்னையா வந்து மகளைக் கூட்டிப் போனார். முருகேசன் கடையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் ஓவர்சியரிடம் போனேன். கதிரேசன் சார் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஒல்லியான ஆள். சட்டைப்பையில் எப்போதும் பொட்டுக்கடலை இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே நாம் சொல்வதைக் கேட்பார். கத்தவே மாட்டார். அவர் வழக்கம் தலைகீழ். நல்ல மனநிலையில் இருந்தால் "என்னய்யா தங்கராசு" என்பார். சந்தேகம் வந்தால் "தங்கராசு, சொல்லுங்க" என்பார். கோபம் உச்சிக்கு ஏறினால் "தங்கராசு சார்" என்பார். பில் கலெக்டர் ஒருவரை அவர் ஒரே நாளில் மூன்று முறை சார் என்று கூப்பிட்டார். அந்த பில் கலெக்டர் மறுநாளே மெடிக்கல் லீவில் போய்விட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை டேங்கைத் திறந்ததற்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் கடலையை மெல்வதை நிறுத்தினார்.

"ஏன்யா, அன்னைக்கு ஏறுச்சுல்ல?"

"ஏறுச்சு சார்."

"அப்ப அந்த மேடு அன்னைக்கு எங்கய்யா போயிருந்துச்சு?"

ரோடு ஒன்றரை அடி உயர்ந்த கதையைச் சொன்னேன். டேங்க் எவ்வளவு உயரம் என்று கேட்டார். நாற்பது அடி என்றேன். "ஒன்றரை அடி" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தண்ணீர் விடும்போது அவரே வந்தார். பாக்கியம் அக்கா வீட்டுக் குழாயில் அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு கருவியை மாட்டினார். பக்கத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். முள் மெதுவாக ஏறி நல்ல இடத்தில் நின்றது. பிறகு ஒரே ஒரு குழாயைத் திறக்கச் சொன்னார். முள் செத்து விழுந்தது. மூடினால் ஏறுகிறது, திறந்தால் விழுகிறது. மூன்று தடவை செய்து பார்த்தார்.

"மேடா இருந்தா மூடுனாலும் ஏறாது தங்கராசு. இது மேடு இல்ல. வழியில ஏதோ ஒண்ணு பைப்போட கழுத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கு. அன்னைக்கு எல்லாத்தையும் மூடி வச்சிருந்ததுனால முதல் நிமிஷம் பீச்சி அடிச்சிருக்கு. அடைக்காம இன்னும் பத்து நிமிஷம் விட்டு வச்சிருந்தா மாமனாரு பல்லு வெளக்கக்கூடப் பத்தியிருக்காது. நடுவுல வால்வு எதும் இருக்கா?"

"இல்ல சார். நேரா பைப்புதான்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. நாக்கு எவ்வளவு சரளமாகச் சொன்னது என்பதை மட்டும் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் 'என்னய்யா'வை விட்டு வெறும் 'தங்கராசு'வுக்கு, அதாவது சந்தேகத்துக்கு, வந்துவிட்டதையும் நான் கவனிக்கவில்லை.

அடைப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் இடுக்கில் நுழையும்போது ஒரு சீறல் கேட்கும். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்தால் தெரியும். மேட்டுத்தெருக் குழாய் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கதிரேசன் சார் தெரு முனையிலிருந்து இரண்டடிக்கு ஒரு தடவை கம்பியை ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். நாங்கள் பேசக்கூடாது. ஆட்டோக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் நாலு தெருவும் அங்கே கூடிவிட்டது. ஹாஜியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரோஸ்லின் டீச்சர் சத்தம் போட்டவர்களை உதட்டில் விரல் வைத்து அடக்கினார். ஓவர்சியர் மூச்சு வாங்க நின்றபோது சேட்டு தானும் ஒருமுறை கேட்கலாமா என்றார். அவருக்குக் கொடுத்ததும் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. பிரியாணி மாஸ்டர் காதில் வைத்துவிட்டு, "உள்ள யாரோ பேசுறாங்க" என்றார். ஹாஜியார் அவர் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

பள்ளிவாசல் தெருவும் மேட்டுத்தெருவும் பிரிகிற முக்கில் ஒரு டீக்கடை உண்டு. அதன் பெஞ்சு ரோட்டோரத்தில் கிடக்கும். பெஞ்சுக்கு முன்னால் கம்பியை ஊன்றினதும் கதிரேசன் சார் கண்ணைத் திறந்தார். "பெஞ்ச எடுங்க" என்றார்.

அந்த பெஞ்சைத் தூக்கின நொடியில் எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் என்று புரியவில்லை. உடம்புக்கு முதலில் தெரிந்துவிட்டது, புத்திக்குப் பிறகுதான் வந்தது.

கடப்பாரையால் தாரைப் பெயர்த்தார்கள். முக்கால் அடி தோண்டினதும் 'ணங்' என்று இரும்பு மூடி. அதைத் தூக்கினால் உள்ளே நாலு இஞ்ச் வால்வு, மண் மூடி. கூட்டம் 'ஓ' என்றது. கதிரேசன் சார் மண்ணைத் தள்ளிவிட்டு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க. முதல்ல மூடுங்க. எத்தன சுத்துல மூடுதுன்னு எண்ணுங்க."

துருவை உடைத்துத் திருப்பினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அதற்கு மேல் நகரவில்லை. முழுக்கத் திறந்த வால்வு என்றால் பதினாறு சுற்று வந்திருக்க வேண்டும். கதிரேசன் சார் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"யாரோ நாலு சுத்துல நிப்பாட்டி வச்சிருக்காங்க. இந்த லைனுக்குச் சாவி ஒண்ணுதானே தங்கராசு சார்?"

அதற்கு ஆறு வருஷத்துக்கு முன்பு ஹாஜியார் மகளுக்கு நிக்காஹ். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. தண்ணீர் பத்தாது, பாத்துக்க தங்கராசு என்று அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். மேலே ஏறுகிற தண்ணீரைப் பள்ளத்துக்கே திருப்பிவிட இந்த வால்வை நாலு சுற்றில் நிறுத்தி வைத்தேன். ஒரே ஒரு நாள்தான், நாளைக்கு வந்து திறந்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சாவியோடு வந்தால், வால்வைக் காணோம். விடிவதற்குள் ரோலரைக் கொண்டுவந்து அந்த முக்கிலிருந்தே ரோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். புதுத் தார் ஆவி பறந்துகொண்டிருந்தது. கவுன்சிலர் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். "இப்பத்தான் போட்டுருக்கு, ஒடைக்கணும்னா கவுன்சிலர்ட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கண்ணே" என்றார். நான் கவுன்சிலரைப் பார்த்தேன். அவர் எனக்கு லட்டு கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் உறுத்தியது. அப்புறம், திறந்துதானே வைத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதத்தில் முழுக்கத் திறந்துவைத்ததாகவே ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் அங்கே வால்வே இல்லை. என் தப்பை மறைக்க ஒரு தெருவையே ஒன்றரை அடி தூக்கி வைத்திருந்தேன்.

பதினாறு சுற்றும் திறந்தேன். மேட்டுத்தெருவுக்குள்ளிருந்து பெண்கள் கூவுகிற சத்தம் கேட்டது. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. கதிரேசன் சார் மட்டும் நின்றார். "மெமோ எழுதுறது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி நீங்க திருவரங்குளம் போயிட்டு வாங்க" என்றார்.

மறுநாளே போனேன். சின்னையா வீட்டை ஒட்டின கரும்புக் கொல்லையில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் வால்வைப் பற்றிக் கோபப்படவில்லை. "எங் கட்ட வெரலையே ஏமாத்திட்டீங்களேய்யா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஊரில் அவருக்கு இருந்த பெயர் போய்விட்டதாம். கடைசியில், இரண்டு தண்ணீர் நாள் தானே வந்து மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். சொன்னபடி வாளியும் கைக்கடிகாரமுமாக வந்து உட்கார்ந்தார். இந்த முறை மேல்துண்டைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் குழாய்ப் பக்கம் போனார்.

நான் திருவரங்குளத்தில் சொன்னதையெல்லாம் வளர்மதி அன்றைக்கு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்போது கூடவே நடந்து வந்தது.

"ஏன் மாமா, நீங்க வேலைய ஒழுங்காப் பாத்திருந்தா அவருக்கு எப்பவோ கல்யாணம் முடிஞ்சிருக்குமே?"

"ஆமாத்தா."

"எனக்குக் கெடச்சிருக்க மாட்டாரு."

நான் கொஞ்சம் நிம்மதியாகச் சிரிக்கப் போனேன்.

"அதுக்காகச் சிரிக்காதீங்க. எங்க அத்தைக்கு இடுப்பு போயிருச்சு. எங்கப்பாருகிட்டச் சொன்ன மாதிரி தெருவுல வந்து சொல்லுங்க. நான் ஆவணி மொத திங்கக்கெழம வாரேன். அன்னைக்கு."

ஆவணி முதல் திங்கள் காலையில் வளர்மதி வந்து இறங்கியது. மேட்டுத்தெருவில் எல்லாக் குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. குடங்களை ஓரம்கட்டிவிட்டு எல்லோரையும் நிற்கவைத்தது. மூன்று தெருக்காரர்களும் புதுப்பெண் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். ரோடு உயரவில்லை, மேடும் காரணமில்லை, வால்வை அடைத்தது நான்தான், ஆறு வருஷமாக உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன்.

சலூன்காரர் சம்சாரம், "பாவம், மனுசன் எப்புடிப் பேசுறாரு பாரு" என்றது.

"ரோடு போட்டவன் மூடிட்டுப் போனதுக்கு இவரு ஏன் பழி ஏத்துக்குறாரு?" என்றார் பிரியாணி மாஸ்டர்.

"இல்லண்ணே, நான்தான்..."

"ஆபீஸ்ல எழுதி வாங்கிருப்பாங்க. ஓவர்சியரக் காப்பாத்தப் பேசுறாரு" என்றார் ஆட்டோக்காரர். ஹாஜியார் என் தோளைத் தட்டி, "தெரியாம எதையாச்சும் ஒளறாத. கண்டுபுடிச்சுத் தண்ணி குடுத்தது நீ. மேடு ஏத்தி விட்டியே, அதாம்ப்பா பெருசு" என்றார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்காகத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ரோஸ்லின் டீச்சராவது நம்புவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தன்னடக்கம்" என்றார். பூ மண்டிக்காரர் பெண்ணுக்குக் கொண்டுவந்த மாலையைத் தூக்கி என் கழுத்தில் போட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மாலைக்குள் நான் குறுகிப்போய் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் நான் பட்டதில்லை.

கைதட்டல் ஓயும் முன்பே பாக்கியம் அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். கையில் ஒரு சொம்பு. அப்போதுதான் குழாயில் பிடித்தது, வெளிப்புறமெல்லாம் ஈரம். என்னிடம் நீட்டினார்.

"குடி தம்பி" என்றார். "நான் நம்புறேன்."